புதுப்பிப்பு: வந்தாறுமூலையா, ஒலுவிலா?

போன பதிவில் இலங்கையின் கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களை ஆளுக்கொரு வளாகம் என்று வைத்து ஒப்பிட்டது பிழை. பீடத்தைப் பார்த்த பிறகே அறை தேடுங்க. கிழக்கின் பிரதான வளாகம் வந்தாறுமூலையில், நுண்கலை கல்லடியில். நுண்கலை படிக்கிறவர் வந்தாறுமூலையில் போடிங் (வாடகை அறை) எடுத்தால் தினமும் பஸ்தான். தென்கிழக்கில் பிரயோக விஞ்ஞானம் சம்மாந்துறையில். கலை, முகாமைத்துவம், பொறியியல் ஒலுவிலில்.

போடிங்கில் சண்டை வருவது கரண்ட் பில்லால். அலகு கூடக்கூட வீதமும் ஏறும். மாதம் 180 அலகைத் தாண்டினால் அதற்கு மேலான அலகுகளுக்கு உச்ச வீதம். ஆறு பேர் ஒரே மீற்றரில் ரைஸ் குக்கரும் அயர்னும் போட்டால் சிக்கனமாக இருக்கிறவரும் அந்தக் கூடின பில்லில் பங்கு கட்டுவார். அறைக்குத் தனி உபமீற்றர் இருக்கா, அலகு என்ன விலை என்று முற்பணத்துக்கு முன் எழுதி வாங்குங்க.

கிணற்றுக்குக் கிட்ட மலக்குழி இருந்தால் அந்த வீடு வேண்டாம். மார்கழி வெள்ளத்தில் ரெண்டும் கலக்கும்.