பொருள்: லோயர் ஆர்ம் ‘புஷ்’ – தமிழில் என்ன போடலாம்?

அம்பத்தூர் ஆசிரியர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். பழைய சின்னக் கார் வாங்குவோருக்கும் என் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கும் பொதுவாக ஒரு கையேடு எழுதியிருக்கிறேன். எங்கெங்கே பழுது வரும், எவ்வளவு செலவாகும் என்று. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். கிளட்ச், ரேடியேட்டர், பேட்டரி எல்லாருக்கும் தெரிந்தவை, அப்படியே விட்டுவிட்டேன். இடிப்பது ‘புஷ்’ ஒன்றுதான். இன்ஜின் பாடத்தில் ‘புஷ் ராடு’ வருகிறது, அது தள்ளுதல் என்னும் push. சஸ்பென்ஷன் பாடத்தில் ‘ரப்பர் புஷ்’, அது bush. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றே. ஒரு மாணவன் தேர்வுத்தாளில் ‘லோயர் ஆர்மைத் தள்ளும் ரப்பர்’ என்று எழுதியிருந்தான். படித்ததை வைத்துப் பார்த்தால் அவன் ஊகம் சரிதானே. நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

பாடி பட்டறைக்காரர் எழுதியது:

சார், சொல் தேடுவதற்கு முன் அது என்ன வேலை செய்கிறது என்று எல்லாரும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். லோயர் ஆர்ம் சக்கரத்தையும் வண்டியின் அடிச்சட்டத்தையும் இணைக்கிறது. அது அடிச்சட்டத்தில் சேரும் முனையில் ஒரு துளை. அந்தத் துளைக்குள் இறுக்கி ஏற்றியிருப்பதுதான் புஷ். உள்ளே ஓர் இரும்புக் குழல், வெளியே ஒன்று, நடுவே ரப்பர். போல்ட் உள்குழல் வழியாகப் போகும். சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக் கொடுக்கும், இரும்பும் இரும்பும் மோதாது.

வயதாகிவிட்டால் ரப்பர் இறுகி வெடிக்கும். ஸ்பீடு பிரேக்கரில் ‘கடக்’ என்று சத்தம், பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுப்பு, டயரின் உள்ஓரம் மட்டும் தேய்மானம். இது தெரியாதவரிடம் “சஸ்பென்ஷனே போச்சு” என்று பெரிய பில் போட்டுவிடுகிறார்கள். புஷ் மட்டும் என்றால் சாமான் சில நூறு ரூபாய்தான், பிரஸ்ஸில் வைத்து இறக்கி ஏற்றும் கூலி தனி. ஆர்மோடு மாற்றினால் என் பட்டறையில் சின்னக் காருக்குப் பக்கத்துக்கு ₹2,000 அளவில் வரும். அதன்பின் வீல் அலைன்மென்ட் கட்டாயம் பார்க்க வேண்டும். கிளட்ச் செட் மாற்றும் செலவோடு பார்த்தால் இது சின்ன வேலை. பில்லில் அந்த வரியை வண்டிக்காரர் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்.

மயிலாப்பூர்த் தமிழாசிரியர் எழுதியது:

சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது: பூண். உலக்கை முனையில் இருக்கும் இரும்பு வளையம், கைத்தடியின் அடியில் இருக்கும் உலோகத் தொப்பி, எல்லாம் பூண். பூணுதல் என்பதன் முதனிலையே பெயராகி நிற்கிறது. தேய்வதைத் தான் ஏற்று, உள்ள பொருளைக் காப்பது அதன் தொழில். பட்டறைக்காரர் சொன்னதும் அதே தொழில்தான். ஓரசை, எந்த வாயிலும் நுழையும்.

ரப்பரையும் ‘தொய்வம்’ என்று எழுதிவிடலாம்.

பெரம்பூர் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, பூண் அழகான சொல். ஆனால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடையிலோ புதுப்பேட்டையிலோ போய் “ரப்பர் பூண் இருக்கா” என்று கேட்பவருக்கு என்ன கிடைக்கும்? ஆங்கிலத்துக்கே இது டச்சு மொழியில் பெட்டி என்ற பொருளில் இருந்து வந்த கடன்தான். அவர்கள் கூச்சப்படவில்லை. தொல்காப்பியரே ‘வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வட எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தில் எழுதி, என்று கடன் வாங்க வழி சொல்லியிருக்கிறார். அந்த வழியில் ‘புசு’ என்று எழுதினால் போதும்.

‘தொய்வம்’ வேண்டவே வேண்டாம். பழுதுக் கையேட்டில் ‘தொய்வப் பூண்’ என்று போட்டால் தொய்ந்துபோன பூண் என்றுதான் படிப்பார்கள்.

வேளச்சேரியிலிருந்து ஒருவர் எழுதியது:

நான் மாட்டுவண்டி ஓட்டிய வீட்டுப் பிள்ளை, அதனால் ஒரு தடை சொல்கிறேன். சக்கரத்தின் நடுக்கட்டைக்குக் குடம் என்று பெயர். குடம் பிளக்காமல் இருக்க வெளியே அடிக்கும் இரும்பு வளையம்தான் பூண். இருசின் (அச்சின்) மேல் குடம் சுழலும் இடத்தில் குடத்துக்கு உள்ளே இருப்பது வேறு குழல். கார் புஷ் இந்த உள்குழலுக்குத்தான் உறவு. வெளியே இருப்பதன் பெயரை உள்ளே இருப்பதற்கு வைத்தால் தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு மீண்டும் அதே குழப்பம்.

வண்டி என்றதும் நினைவு வருகிறது. புறநானூற்றில் ஔவையார், உப்பு வணிகர்கள் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகும் ‘சேம அச்சு’ பற்றிப் பாடுகிறார். மேட்டிலும் பள்ளத்திலும் என்ன ஆகுமோ என்று எடுத்துப்போகும் மாற்று அச்சு அது. நாமோ வேல்ஸ் நாட்டுத் தெரு ஒன்றின் பெயரால் ‘ஸ்டெப்னி’ என்கிறோம். கையேட்டில் ‘சேமச் சக்கரம்’ என்று சேர்த்துவிடுங்கள்.

மயிலாப்பூர்த் தமிழாசிரியர் எழுதியது:

வேளச்சேரி அன்பர் சொன்னது நியாயம், ஏற்கிறேன். அப்படியானால் ‘உட்பூண்’. உள்ளே பூணப்படுவது. வண்டிப் பூணோடு மோதாது. தொய்வத்தை விட்டுவிடுகிறேன், ரப்பர் உட்பூண் என்றே இருக்கட்டும். ‘புசு’வை மட்டும் ஒப்ப மாட்டேன். அதைக் கேட்டால் ஒரு பொருளும் தோன்றாது, சொல்லுக்கு வேரும் இல்லை.

பெரம்பூர் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

‘பஸ்’ஸுக்கு என்ன வேர் இருந்தது? ஐம்பது வயதுக்காரர் பழைய கார் வாங்கப் போகும்போது கையில் வைத்துப் படிக்கிற தாள் இது. அவர் மெக்கானிக்கிடம் பேச வேண்டியது மெக்கானிக்கின் சொல்லில். என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பாடி பட்டறைக்காரர் எழுதியது:

உட்பூண் எனக்குப் பிடித்திருக்கிறது, துளைக்குள் இருப்பது பெயரிலேயே தெரிகிறது. பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க உதவும். ஆனால் சாமான் கடைக்கு நான் எழுதும் சீட்டில் புஷ் என்றுதான் இருக்கும். கடைக்காரர் தவறான பொருளைக் கொடுத்தால் வண்டி இன்னொரு நாள் ஜாக்கியில் நிற்கும்.

அம்பத்தூர் ஆசிரியர் எழுதியது:

நேரமில்லை. பாடப்பகுதியில் ‘உட்பூண்’, செலவுப் பட்டியலில் ‘உட்பூண், கடையில் புஷ்’ என்று போடுகிறேன். நால்வர் ஒப்பினார்கள், பெரம்பூர் எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது. சேமச் சக்கரம் இந்தப் பதிப்பில் இல்லை. அடுத்து பால் ஜாயின்ட்: ‘பந்து மூட்டு’ என்று எழுதியிருக்கிறேன், நாளை காலை பத்து மணிக்குள் மறுப்பு வந்தால் மாற்றுவேன்.

மயிலாப்பூர்த் தமிழாசிரியர் எழுதியது:

பந்து மூட்டில் ‘மூட்டு’ பெயரா வினையா என்று முதலில் தெளிவாக்க வேண்டும். இரவு எழுதுகிறேன்.