மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் கடைக்கு வரும் கணக்கு மாணவி

தத்துவத்தில் ஆர்வமுள்ள பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகளுக்கு பழைய கேள்வித்தாள், புராஜெக்ட் பைண்டிங், இவைதான் வேலை. ஒரு மாணவி மட்டும் கையால் வரைந்த படக்கதையோடு வருவாள். பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. பேர் வேண்டாம்.

முதலில் பென்சிலில் நிழல் போட்டு வரைந்து வந்தாள். அந்தச் சாம்பல் நிறம் ஜெராக்ஸில் நிற்காது. ஒன்று வெளுத்துப் போகும், இல்லையென்றால் திட்டுத்திட்டாய் விழும். "புள்ளி வச்சா வருமாண்ணா?" என்று கேட்டுப் போனவள், அத்தனை பக்கத்தையும் கறுப்பு ஜெல் பேனாவால் புள்ளிபுள்ளியாக மறுபடி வரைந்து எடுத்து வந்தாள். முகத்து நிழல், தீவட்டி வெளிச்சம், எல்லாமே புள்ளி. 16 பக்கப் புத்தகத்துக்கு நான்கு ஏ4 தாளை நடுவில் மடித்தால் போதும். முதல் தாளில் பக்கம் 16, 1. அதன் பின்புறம் 2, 15. இந்த வரிசையைச் சொல்லி முடிப்பதற்குள், "ஜோடியா வர்ற ரெண்டையும் கூட்டினா எப்பவும் 17 வருதுண்ணா" என்றாள். என்ன சந்தோஷம் அந்த முகத்தில்!

கதை மணிமேகலை. அமுதசுரபிப் பகுதி இல்லை. மணிமேகலை ஆண் துறவி வடிவில் வஞ்சி நகருக்குப் போய், ஒவ்வொரு சமயவாதியிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கும் 27-ஆம் காதை. அளவைவாதி, சைவவாதி, ஆசீவகவாதி, சாங்கியவாதி என்று வரிசையாகப் பேசுவார்கள். பலரும் புரட்டித் தள்ளிவிட்டுப் போகும் இடம். "இத்தனை பேர் பேசறதையும் பொறுமையா கேக்கறா பாருங்க, அதுக்காகவே வரையறேன்" என்றாள். வாதிகளுக்கெல்லாம் நம்ம ஊர் முகம். வைசேடிகவாதி தராசு பிடித்த மளிகைக்கடைக்காரர், சாங்கியவாதி முதுநகரில் வலை பின்னும் பெரியவர்.

ஒருநாள் ஆதார் நகல் எடுக்க வந்த பெரியவர் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சும்மாம்மா. கண்ணால பாத்தாதான் நெசம். செத்தா மண்ணு, அவ்வளவுதான்" என்றார். மல்லுக்கு நிற்பாள் என்று நினைத்தேன். அவளோ அவர் பக்கத்தையே எடுத்துப் பேசினாள். "நீங்க சொல்றதுல பலம் இருக்குங்க ஐயா. தாதகிப் பூவும் வெல்லமும் சேர்ந்தா போதை பிறக்கிற மாதிரி, நிலம், நீர் மாதிரி பூதங்கள் சேர்ந்தா உணர்வு வருது, பிரிஞ்சா போயிடுது. இதுல பூதவாதியும் இதையேதான் சொல்றார்." பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம்தான் கேட்டாள்: "ஆனா உங்க அப்பா அம்மா இவங்கதான்னு கண்ணால பாத்தா தெரிஞ்சுக்கிட்டீங்க? மணிமேகலை அவர்கிட்ட இதத்தான் கேட்டா." பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். போகும்போது ஒரு புத்தகம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

எதிராளி சொல்வதை அவரைவிட நன்றாகச் சொல்லிவிட்டுப் பிறகு கேள்வி கேட்பது அவள் சுபாவம். சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் பிறர் கொள்கையைச் சொல்லும் பரபக்கம் முன்னால், தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் பின்னால் வருவதும் இப்படித்தான் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த புத்தகம் கடலூரிலேயே இருக்கும் திருப்பாதிரிப்புலியூர் பற்றி. கி.பி. 458-இல் சர்வநந்தி என்ற சமண முனிவர் உலக அமைப்பைச் சொல்லும் லோகவிபாகம் என்ற நூலை எழுதி முடித்த பாடலிகா இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பூஜ்ஜியத்தோடு இடமதிப்பு முறையில் எண்களைச் சொல்லும் மிகப் பழைய நூல்களில் அது ஒன்று. அப்பர் சமணராகி, தருமசேனர் என்ற பெயரில் இருந்ததும் இங்கேதான். கணக்கும் தத்துவமும் தன் ஊரிலேயே ஒன்றாக இருந்திருக்கின்றன என்று தெரிந்த நாளில் கடைக்கு ஓடியே வந்தாள்.

பட்டம் முடித்ததும் காலாப்பட்டில் புதுச்சேரி பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தத்துவம் சேர ஆசை. வீட்டில் பி.எட். படிக்கச் சொல்கிறார்கள். அதையும் என்னிடம் அம்மா பக்கமாக நின்றுதான் சொன்னாள்: கடன் இருக்கிறது, தம்பி படிக்கிறான், பி.எட். முடித்தால் டியூஷன் எடுத்தாவது பிழைக்கலாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அம்மா சொல்வது சரி என்று பட்டது. அவள் பக்கத்தை எடுத்துச் சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை. காலாப்பட்டில் தத்துவம் படித்தவர்கள் இங்கே இருந்தால், செலவு எவ்வளவு ஆனது, படித்த பிறகு என்ன வேலைக்குப் போனீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். நகல் எடுத்து அவள் அம்மா கையில் கொடுக்கிறேன்.