சீஷெல்ஸில் சூரைத் தொழிலுக்குக் கூட்டாளி தேவை

மயிலிட்டியான்:

எல்லோருக்கும் வணக்கம். இந்து சமுத்திரத் தீவு நாடான சீஷெல்ஸில் சூரை மீனுக்கு ஆயிரங்கால் தூண்டில் தொழில், அதாவது நீண்ட கயிற்றில் நிறையத் தூண்டில்களைக் கட்டி விடும் தொழில், தொடங்க ஒரு கூட்டாளி தேடுகிறேன். வட்டிக்குக் காசு தருகிறவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது இலாபத்திலும் நட்டத்திலும் கூட நிற்கிற ஓர் ஆள்.

நான் இலங்கையின் வடகரையில் மயிலிட்டியில், படகும் வலையும் வைத்துத் தொழில் நடத்தும் சம்மாட்டிக் குடும்பத்தில் பிறந்தவன். 1990 இல் போரால் ஊர் இடம்பெயர்ந்தபோது சிறுவன். திருகோணமலையிலும் நீர்கொழும்பிலும் பல நாட்கள் கடலில் தங்கும் பலநாட் படகுகளில் ஏறித் தொழில் பழகினேன். 2017 இல் மயிலிட்டித் துறைமுகத்தை இராணுவம் விட்டதும் ஊருக்குத் திரும்பி அண்ணனோடு சேர்ந்து தொழில் செய்கிறேன். படகைக் கொண்டுசெல்வதற்கான அனுமதிப்பத்திரம் என்னிடம் இருக்கிறது. நடுக்கடலில் எஞ்சின் நின்றால் பிரித்துப் பூட்டவும் தெரியும்.

ஏன் வெளிநாடு என்று கேட்பீர்கள். இழுவை மடித் தொழிலை எங்கள் நாட்டில் 2017 இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஆனால் அக்கரையிலிருந்து, இந்தியாவிலிருந்து, இழுவைப் படகுகள் வருவது நிற்கவில்லை. மாலையில் விட்ட வலையை விடியற்காலையில் தேடிப் போனால் மிதப்புக் கட்டைகூட மிஞ்சுவதில்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. எங்கள் சின்ன வள்ளங்கள் அதில்தான் ஓடுகின்றன. அன்று கரையில் ஏற்றிய வள்ளங்கள் சில இன்னும் இறங்கவில்லை.

சீஷெல்ஸைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. என் மச்சான் அதன் தலைநகர் விக்டோரியாவில் உள்ளூர் முதலாளி ஒருவரின் படகில் தொழில் செய்கிறார். அந்த நாட்டுக்கு 13 இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேல் கடல் இருக்கிறது, சனத்தொகையோ யாழ்ப்பாண மாவட்டத்தின் கால்வாசிகூட இல்லை. மஞ்சள் செட்டைச் சூரையும் கொப்பரனும் படும் கடல். நவசக்தி விநாயகர் கோயிலும் தைப்பூசக் காவடியும் இருக்கிற ஊர், எங்கள் ஆட்களுக்கு முற்றிலும் அந்நியமாக இருக்காது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. இந்தத் தொழிலில் காசு மீனின் எண்ணிக்கையில் இல்லை, அதைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. சூரையைத் தளத்தில் துள்ளவிட்டால் அதன் உடம்பு சூடேறிச் சதை வெளிறிவிடும். ஏற்றியவுடன் மெத்தையில் கிடத்தி, தலையில் கம்பி குத்தி, பக்கச் செட்டைக்குப் பின்னால் கீறி இரத்தம் வடியவிட்டு, செவுளும் குடலும் எடுத்து, வயிற்றுக்குள்ளும் ஐஸ் அடைக்க வேண்டும். கரைக்கு வந்ததும் வாங்குகிறவர் ஒரு வெற்றுக் குழாய்க் கம்பியை மீனில் குத்தி, பென்சில் தடிப்புக்குச் சதையை இழுத்து, உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்ப்பார். மாதுளை முத்துப் போலச் சிவந்து பளபளத்தால் ஒரு விலை. மண்ணிறம் தட்டினால் உள்ளூர்ச் சந்தைதான். இந்த வேலையைப் பழகிய ஐந்து பேர் என்னோடு வர ஆயத்தமாக இருக்கிறார்கள்.

என் பங்காக அறுபது இலட்சம் ரூபாய் போட முடியும். படகுக்கு அது காணாது, அதனால்தான் கேட்கிறேன். டீசல், ஐஸ், இரை, சாப்பாட்டுச் செலவு கழித்து மிச்சத்தில் பாதி படகுக்கு, பாதி தொழிலாளருக்கு. இந்தக் கணக்கை மாற்ற மாட்டேன்.

கனடாவில் உள்ள உறவினர் சிலர், நியூஃபவுண்லாந்தில் நண்டுத் தொழில் நல்லது, அங்கே அனுமதிப்பத்திரம் வாங்கலாம் என்கிறார்கள். அதைப் பற்றித் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

நீர்கொழும்புக்காரன்:

தம்பி, நான் மீன் ஏற்றுமதித் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். கையாளும் முறை பற்றி நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. எழுதாத ஒன்றை நான் சொல்கிறேன்: கொடி.

இங்கே பதிந்த படகைக் கொண்டுபோய் அங்கே தொழில் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். படகு எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறதோ அந்த நாடுதான் அதன் பிடிக்குப் பொறுப்பு. இன்னொரு நாட்டின் கடலில் அந்த நாட்டு அனுமதி இல்லாமல் தூண்டில் போட்டால் களவுத் தொழில். 2012 இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கையை இதற்காக எச்சரித்தது. ஆழ்கடலில் போன படகுகளை அரசு கண்காணிக்கவில்லை என்பது அவர்களின் குற்றச்சாட்டு. 2015 ஜனவரியில் எங்கள் மீனை முழுதாகத் தடுத்தார்கள். 2016 நடுப்பகுதியில்தான் தடை நீங்கியது. அந்த மாதங்களில் முதலாளிகளைவிட ஐஸ் உடைப்பவர்களும் மீன் வெட்டும் பெண்களும்தான் அதிகம் பட்டார்கள், என் கண்ணால் கண்டேன்.

ஆகவே அந்நாட்டுக் கொடியில், அந்நாட்டு உரிமையாளரோடு, முறையாகப் பதிந்த படகு வேண்டும். பழைய படகு வாங்குவதென்றால், முதலில் அதன் பெயரையும் இலக்கத்தையும் இந்து சமுத்திர சூரை ஆணைக்குழுவின் இரண்டு பட்டியல்களிலும் தேடுங்கள்: அனுமதி பெற்ற படகுகளின் பட்டியல், களவுத் தொழில் செய்த படகுகளின் பட்டியல். ஆணைக்குழுவின் தலைமையகம் விக்டோரியாவிலேயே இருக்கிறது. மஞ்சள் செட்டைச் சூரைக்கு 2017 முதல் பிடி அளவுக் கட்டுப்பாடு வந்துவிட்டது. வருமானத்தைக் கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 இல் சீஷெல்ஸ் தன் கடலில் 30 வீதத்தைப் பாதுகாப்பு வலயமாக அறிவித்திருக்கிறது. மச்சான் காட்டும் இடமெல்லாம் தொழில் செய்யக்கூடிய இடமாக இருக்காது. வரைபடத்தை வாங்கிப் பாருங்கள்.

பருத்தித்துறை – டொரோண்டோ:

கனடா பற்றிய பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன். அந்த யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். அத்திலாந்திக் கரையோரத் தொழிலில் அனுமதிப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே படகில் நின்று தொழில் செய்ய வேண்டும், இலாபமும் அவருக்கே சேர வேண்டும். முன்பு கொள்கையாக இருந்ததை 2021 ஏப்ரலில் சட்ட ஒழுங்குவிதியாகவே ஆக்கிவிட்டார்கள். மீனவர் ஒருவரின் பெயரை முன்னால் நிறுத்தி, காசு போடுகிறவர் பின்னால் இருந்து ஆட்டுவிக்கிற ஒப்பந்தங்களை ஒழிக்கத்தான் அது வந்தது. எனக்கு அந்தச் சட்டத்தில் முழு உடன்பாடு. எங்கள் கரையிலும் அப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனை சம்மாட்டிகள் தரகர்களின் கடனில் மூழ்காமல் இருந்திருப்பார்கள்.

நியூஃபவுண்லாந்து மீனவர்களை எனக்கு எப்போதும் நினைவிருக்கும். 1986 ஆகஸ்டில் அகதிகளாக வந்து உயிர்காப்புப் படகுகளில் மிதந்த எங்கள் தமிழர் 155 பேரைக் கரை சேர்த்தவர்கள் அவர்கள். அவர்களின் தொழிலுக்குள் குறுக்கு வழியில் நுழைய நாங்கள் நினைக்கவே கூடாது.

சீஷெல்ஸ் திட்டம் என்னை ஈர்க்கிறது. வல்வெட்டித்துறையார் அன்னபூரணி என்ற கப்பலைப் பாய் விரித்து 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறை வரைக்கும் கொண்டுபோனவர்கள். நீங்கள் 3,000 கிலோமீற்றரில் போய்த் தொழில் செய்வது பெரிய காரியமல்ல. நான் முதல் போட ஆயத்தம், ஆனால் சில கேள்விகள் உண்டு. உள்ளூர் உரிமையாளர் யார்? அவர் எவ்வளவு போடுகிறார்? நாளை அவருக்கும் உங்களுக்கும் பிணக்கு வந்தால் படகு யாரிடம் நிற்கும்? உங்கள் மச்சான் நல்லவராக இருக்கலாம், ஆனால் அவருடைய முதலாளியை எனக்குத் தெரியாது. எந்த ஊர்ச் சட்டத்தரணி ஒப்பந்தம் எழுதுவார் என்பதையும் சொல்லுங்கள்.

பாசையூர் அக்கா:

தம்பி, காசு, கொடி எல்லாவற்றையும் கதைத்துவிட்டீர்கள். வருகிறேன் என்ற அந்த ஐந்து பேரின் வீடுகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

என் சகோதரன் இன்னொருவரின் படகில் போய் வேறொரு நாட்டுக் கடலில் பிடிபட்டான். எல்லை தாண்டியது அவனுக்குத் தெரியாது. எங்கே நிற்கிறோம் என்பது படகை ஓட்டியவருக்கு மட்டும்தான் தெரியும். படகு முதலாளி முதல் கிழமை தொலைபேசி எடுத்தார், அதன் பிறகு எடுக்கவில்லை. கடவுச்சீட்டை அவர் வாங்கி வைத்திருந்ததால் என்ன இலக்கம் என்றுகூட எங்களால் சொல்ல முடியவில்லை. அவன் மனைவி கைக்குழந்தையோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். அவன் திரும்பி வந்துவிட்டான், ஆனால் அந்த வீட்டின் கடன் இன்னும் தீரவில்லை.

சோமாலியப் பக்கத்து ஆபத்தும் முடிந்துபோன கதை இல்லை. 2024 ஜனவரியில் இலங்கைப் பலநாட் படகு ஒன்றைக் கடற்கொள்ளையர் பிடித்தார்கள். அதிலிருந்த ஆறு பேரையும் மீட்டது சீஷெல்ஸ் படையினர்.

ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டு அவரவர் கையில் இருக்க வேண்டும். மீன் பட்டாலும் படாவிட்டாலும் மாதம் ஒரு தொகை வீட்டுக்கு வர வேண்டும். காப்புறுதியும் திரும்பி வரும் பயணச் செலவும் படகின் பொறுப்பு. இதை எழுதித் தராத படகில் என் வீட்டிலிருந்து இனி ஒருவரும் ஏற மாட்டார்கள்.

மயிலிட்டியான்:

மூன்று பேருக்கும் மனம் நிறைந்த நன்றி.

அக்கா, நீங்கள் கேட்ட நாலும் ஒப்பந்தத்தில் இருக்கும். மாதத் தொகையைப் பங்கில் கழிக்காமல், டீசலையும் ஐஸையும் போல் தொழில் செலவில் சேர்க்கிறேன். அப்போது அதில் பாதிச் சுமை படகின் பங்கில் விழும், கூட்டாளியும் அதைத் தாங்க வேண்டும். அதற்குச் சம்மதிக்காதவர் எனக்கு வேண்டாம். நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று காட்டும் திரையைப் படகில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் பூட்டுவேன், வீட்டிலிருந்து பார்க்கவும் வழி செய்ய வேண்டும். அதற்கு என்ன கருவி நல்லது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நீர்கொழும்பு அண்ணா, கொடி விடயத்தில் எனக்கும் அதே எண்ணம்தான். இங்கிருந்து படகு கொண்டுபோகும் திட்டம் இல்லை.

டொரோண்டோ அண்ணா, உள்ளூர் உரிமையாளர் இன்னும் முடிவாகவில்லை. மச்சானின் முதலாளி ஒருவர், விக்டோரியாவில் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று என இரண்டு இடத்தில் பேச்சு நடக்கிறது. சோளகக் காற்றுக் காலம் முடிந்ததும் என் சொந்தச் செலவில் அங்கே போய் இரண்டு பேரையும் நேரில் பார்ப்பேன். சட்டத்தரணி அந்த நாட்டவராகவே இருக்கட்டும், நீங்களும் ஒருவரை வைத்து ஒப்பந்தத்தை வாசியுங்கள். அதுவரைக்கும் உங்களிடமிருந்து ஒரு சதம்கூட வாங்க மாட்டேன். கணக்கு விபரத்தைத் தனிமடலில் அனுப்புகிறேன். டீசல் விலையையும் ஐஸ் விலையையும் மச்சான் இந்தக் கிழமை சொல்வதாகச் சொன்னார், அவற்றையும் போட்டுத்தான் அனுப்புவேன்.