மறு: ‘எழுத்துத் திருட்டு’ வேண்டாம், ‘ஒட்டுரை’ என்போமா?

ஆந்திரத்து நகரி அண்ணனுக்கும் குழுவில் உள்ள எல்லாருக்கும் வணக்கம்.

> இணையக் கலைக்களஞ்சியத்தில் வேறிடத்திலிருந்து அப்படியே எடுத்துப் போடும் பத்திக்கு ‘எழுத்துத் திருட்டு’ என்றே வைத்துக்கொள்ளலாம். தெலுங்கில் கிரந்தசௌர்யம், மலையாளத்தில் சாகித்யசோரணம். இரண்டிலும் திருட்டு இருக்கிறது. நமக்கு மட்டும் ஏன் தயக்கம்?

எனக்குத் தயக்கம் இருக்கிறது அண்ணா. அதற்கு எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் காரணம்.

கேரளத்தில், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் படிக்கிறவன். ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில் ஆழியாறு பற்றிய கட்டுரையில் ஒரு பத்தி சேர்த்தான். சுற்றுலாப் பக்கம் ஒன்றிலிருந்து எடுத்தது. யாரோ பார்த்து நீக்கினார்கள், நீக்கியது சரி. ஆனால் அவனுக்குச் செய்தி எழுதும் பேச்சுப் பக்கத்தில் ‘திருட்டு’ என்ற சொல்லோடு ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்கள். மறுநாள் என்னிடம் வந்து, “டீச்சர், நான் எதையும் திருடலீங்க. அதுல நல்லா எழுதியிருந்துது, அதான் எடுத்துப் போட்டேன்” என்றான். கண் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகு அவன் அந்தக் கணக்கைத் திறக்கவே இல்லை.

அவன் செய்தது பிழை. ஆனால் திருட்டு என்பது மனத்தைப் பற்றிய சொல். நம் கண்ணுக்குத் தெரிவது அவன் மனம் இல்லை, ஒரு பத்தி. அந்தப் பத்திக்குப் பெயர் வைப்போம், ஆளுக்கு வேண்டாம். அதனால்தான், மூலம் சொல்லாமல் அப்படியே எடுத்துப் போட்ட பத்திக்கு ‘ஒட்டுரை’ என்றேன்.

> ஒட்டு என்றால் எங்கள் ஊரில் சுவரில் ஒட்டும் போஸ்டர்தான் நினைவுக்கு வரும்.

வரட்டுமே! போஸ்டரை உரித்தெடுக்கலாம், சுவர் அப்படியே இருக்கும். கணினியில் ‘வெட்டி ஒட்டு’ என்று ஏற்கெனவே சொல்கிறோம், புதிதாக விளக்க வேண்டியதில்லை. எங்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். பக்கத்தில் முதலமடை, மாந்தோப்புகளின் ஊர். ஒட்டு மாங்கன்றைக் கையில் வாங்கினால் முதலில் தண்டில் ஒட்டுப்போட்ட இடத்தைத்தான் விரலால் தடவிப் பார்ப்போம். கட்டுரையிலும் அந்த முடிச்சு தெரியும். அதுவரை ‘அமைந்துள்ளது’, ‘பாய்கிறது’ என்று போன நடை திடீரென்று ‘எழில் கொஞ்சும்’, ‘கண்களுக்கு விருந்தளிக்கும்’ என்று திரும்பும். ஒட்டியதைக் கண்டுபிடிக்கும் கருவியைத் தேடுமுன்பே பழகிய தொகுப்பாளருக்கு அந்த இடத்தில் கை நின்றுவிடும்.

முதலில் நான் ஆசைப்பட்ட சொல் ‘பகர்ப்பு’. இங்கே வில்லேஜ் ஆபீசில் நகலுக்கு அதுதான் பெயர், பிள்ளைகளுக்கும் பழக்கம். ஆனால் தமிழில் பகர்தல் என்றால் சொல்லுதல். பழைய நூல்களில் விற்றலும்கூட. சிலப்பதிகாரத்தில் ‘பகர்வனர்’ கூவி விற்கிறவர்கள். எல்லையிலுள்ள வாளையாரைத் தாண்டினால் புரியாத சொல்லை எல்லாருக்குமாக வைக்கக் கூடாது என்று மனசில்லாமல் விட்டுவிட்டேன்.

இனி, ஒட்டுரை வேறு, பதிப்புரிமை மீறல் வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்ததால்தான் பாதிக் குழப்பம். இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. உ.வே.சாமிநாதையர் மறைந்தது 1942. அவர் உரைநடையிலிருந்து ஒரு பத்தியை எடுத்துப் போட்டால் இன்று சட்டம் குறுக்கே வராது. ஆனால் அவர் பெயரைச் சொல்லாமல் போட்டால் அது ஒட்டுரைதான். மறுபக்கம், மூலத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, உரிமை உள்ள ஒரு பக்கத்தை முழுசாக இறக்கினால், நாணயமாகச் செய்த மீறல் அது. ‘மேற்கோள் கொடுத்திருக்கிறேனே’ என்று புதியவர்கள் வாதாடுவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது எனக்கு மிகவும் வேண்டிய சொல். சொல்லை மட்டும் மாற்றி வாக்கியத்தின் எலும்பை அப்படியே வைப்பதற்கு ‘நிழலுரை’ என்று சொல்லிப் பார்க்கிறேன். அந்தப் பையனும் நானும் உட்கார்ந்து செய்தது இது. மூலத்தின் போக்கு ஏறக்குறைய இப்படி: ‘ஆனைமலையின் மடியில் பிறந்து, தமிழ் மண்ணைத் தழுவி, பாலக்காட்டு வயல்களைப் பசுமையாக்குகிறது ஆழியாறு.’ ‘நீயே எழுது’ என்றேன். அவன் எழுதியது: ‘ஆனைமலையின் மடியில் உதித்து, தமிழ் நிலத்தை அணைத்து, பாலக்காட்டு வயல்வெளியைப் பச்சையாக்குகிறது ஆழியாறு.’ ஆள் நகர நிழலும் நகர்கிறது. பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “உனக்கு என்ன தெரியும், சொல்” என்று கேட்டேன். வந்தது இது: ‘ஆழியாறு ஆனைமலையில் தோன்றுகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. அதன்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்துக்குத் தர வேண்டும்.’ 7.25 யாருடைய சொத்தும் இல்லை, ஆனைமலையும் இல்லை. மடியும் தழுவலும்தான் வேறொருவருடையவை. இந்த ஒரு வேறுபாட்டை அவன் அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டான்.

கண்டுபிடிக்கும் கருவிக்கு ‘ஒப்புநோக்கி’ என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். சுவடிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தவர்கள் விட்டுச்சென்ற சொல். கருவியும் அதைத்தான் செய்கிறது: இரண்டு பக்கங்களையும் தொடர்ச்சியான சில சொற்கள் கொண்ட துண்டுகளாக நறுக்கி, எத்தனை துண்டு பொருந்துகிறது என்று எண்ணுகிறது. ஆங்கிலத்துக்கு இது நன்றாக ஓடுகிறது. தமிழில் தடுக்கி விழும் இடங்கள் பல. ‘கட்டப்பட்டுள்ளது’ ஒரு சொல். ‘கட்டப் பட்டுள்ளது’ என்று பிரித்தால் துண்டு பொருந்தாது. ஒற்று விட்டாலும் அப்படியே. ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் தட்டுகிறவர்கள் ஏராளம், கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் வைக்கலாம். ஒப்புநோக்குமுன் இவற்றையெல்லாம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ஏற்றிய பக்கமென்றால் கருவி பார்ப்பது தமிழையே அல்ல, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு குவியலை. எனவே பொருந்தும் விழுக்காடு குறைவு என்பதற்காக ஒரு பத்தியை நம்பிவிட வேண்டாம். அதிகம் என்பதற்காகத் தண்டிக்கவும் வேண்டாம்.

தண்டித்தால் என்ன ஆகும் என்பதை நானே அனுபவித்தேன். எங்கள் பக்கத்துப் பனங்காடுகள் பற்றி நான் எழுதிய பத்தி ஒரு விழா மலரில் வரிக்கு வரி வந்திருந்தது. பிறகு அந்த மலரைக் காட்டி, நான்தான் அதிலிருந்து எடுத்தேன் என்று கட்டுரைக்கு வார்ப்புரு (கட்டுரையில் இடும் ஆயத்த அறிவிப்பு) போட்டுவிட்டார்கள். யார் எப்போது எழுதினார்கள் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தில் என் தொகுப்பு மலருக்கு இரண்டு வருடம் முந்தியது என்று காட்டிய பிறகுதான் எடுத்தார்கள். நம்மிடமிருந்து வெளியே போய்த் திரும்பி நம்மையே குற்றம் சொல்லும் இதற்கு ‘எதிரொட்டு’ என்று பெயர் வைப்போம். வார்ப்புரு போடுமுன் தேதியைப் பார் என்பதை அந்தச் சொல்லே நினைவூட்டும்.

மொழிபெயர்ப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மலையாள விக்கிப்பீடியாவிலிருந்தோ தெலுங்கிலிருந்தோ பெயர்த்து எழுதுவது நம் இரு பக்கத்தாருக்கும் அன்றாட வேலை. அதைத் தாராளமாகச் செய்யலாம். 2009இல் ஏற்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், 2023இல் வந்த 4.0 பதிப்பு, இரண்டுமே அனுமதிக்கின்றன. எங்கிருந்து என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சேமிக்கும்போது எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் மூலக் கட்டுரையின் இணைப்பைப் போடுங்கள். தொல்காப்பியம், முதல்நூலைப் பின்பற்றி எழுதும் வழிநூலை நான்காகப் பிரிக்கும்போது தொகுத்தல், விரித்தல், தொகைவிரி என்பவற்றோடு மொழிபெயர்ப்பையும் சேர்க்கிறது. ஆகவே, மூலம் சொல்லி, உரிமையோடு எடுத்ததற்கு ‘வழியுரை’. ஒட்டுரை என்று சந்தேகப்பட்ட ஒன்று விசாரித்த பின் வழியுரையாகத் தேறலாம். அப்போது யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலை வராது. ‘திருட்டு’ என்று தொடங்கியிருந்தால் வரும்.

கையாளும் முறையில் நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. முழுக்கட்டுரையும் ஒட்டுரை, முந்தைய நல்ல பதிப்பு இல்லை, உரிமையும் இல்லை என்றால் விரைந்து நீக்கல். ஒரு பகுதி என்றால் அதை எடுத்துவிட்டு, அது இருந்த பழைய பதிப்பை நிர்வாகி மறைக்கட்டும். நிழலுரை என்றால் வெறுமனே நீக்கிவிட்டுப் போகாமல், எழுதியவரை மணல்தொட்டிக்கு (எழுதிப் பழகும் பக்கம்) அழைத்துத் திரும்ப எழுதச் சொல்ல வேண்டும்.

வார்ப்புருவுக்கு நான் எழுதிய வரி இது. உங்கள் மகளிடம் படிக்கக் கொடுத்து, எந்த இடத்தில் நிற்கிறாள் என்று எழுதுங்கள் அண்ணா:

“இந்தப் பகுதியில் ஒட்டுரை இருப்பதுபோல் தெரிகிறது. ஒப்பிட்ட பக்கத்தின் இணைப்பு கீழே உள்ளது. உங்கள் எழுத்துதான் முந்தியது என்றால் பேச்சுப் பக்கத்தில் சொல்லுங்கள், பார்க்கிறோம். இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்ததை உங்கள் சொல்லில் எழுதுங்கள். உதவிக்கு நாங்கள் இருக்கிறோம்.”

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து