ஃபுர்கா, நூஃபெனன், கோத்தார்டு: ஒரே நாளில் ஓட்டியவர்களின் ஆலோசனை தேவை

நண்பர்களுக்கு வணக்கம். வரும் செப்டம்பர் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட்டிலிருந்து கிளம்பி, ஃபுர்கா (2,429 மீட்டர்), நூஃபெனன் (2,478 மீட்டர்), கோத்தார்டு ஆகிய மூன்று கணவாய்களையும் ஒரே நாளில் சாலை சைக்கிளில் கடந்து, மீண்டும் ஆண்டர்மாட்டுக்கே வந்துசேரத் திட்டமிட்டிருக்கிறேன்.

ஃபுர்கா பற்றிப் பெரிய கவலை இல்லை. உல்ரிஹெனிலிருந்து சுமார் 13 கிலோமீட்டரில் 1,100 மீட்டருக்கு மேல் உயரும் நூஃபெனன் ஏற்றம்தான் யோசிக்க வைக்கிறது. முன்புறம் 34, பின்புறம் 32 பற்கள் கொண்ட கியர் அதற்குப் போதுமா?

அடுத்தது ட்ரெமோலா. ஐரோலோவிலிருந்து கோத்தார்டுக்கு ஏறும் இந்தப் பழைய சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் இன்றும் கருங்கல் பாவியிருக்கிறது. முக்கியமாக இதற்காகவே இப்பயணத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்பதால், புதிய சாலை வழியே ஏற மனம் ஒப்பவில்லை. கல் பாதையில் இறங்குவதைவிட ஏறுவதே பாதுகாப்பு என்று கருதித்தான் இந்தத் திசையையும் முடிவுசெய்தேன். 28 மில்லிமீட்டர் டயரில் அங்கே ஏறியவர்கள் எவ்வளவு காற்றழுத்தம் வைத்தீர்கள், மழையில் கற்கள் வழுக்குகின்றனவா என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.

அந்த உயரத்தில் செப்டம்பரிலேயே பனி விழக்கூடும் என்பதால், நீண்ட இறக்கங்களுக்கு எத்தகைய உடை எடுத்துச் செல்வது என்பதையும் தயவுசெய்து தெரிவியுங்கள்.