மறுமொழி: ‘தாக்கக் காரணி’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஆய்வு அளவீட்டுச் சொற்களைத் தமிழாக்குகையில், ஓர் ஆய்வுக் கட்டுரை முந்தைய பணியைச் சுட்டுவதான சைட்டேஷனுக்கு ‘மேற்கோள்’, ஆய்விதழ்களுக்குக் கணிக்கப்படும் எண்ணான இம்பாக்ட் ஃபேக்டருக்குத் ‘தாக்கக் காரணி’ என இங்கே முன்மொழியப்பட்ட இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. மேற்கோள் என்றால் பிறர் சொற்களை அப்படியே எடுத்தாள்வது என்றே வாசகர் கொள்வர். ஆய்வுக் கட்டுரைகளிலோ ஒரு சொல்லையும் எடுத்தாளாமல் முன்னவர் பணியைச் சுட்டிச் செல்வதே பெருவழக்கு. நண்பர் ஒருவர் பரிந்துரைத்த ‘சான்று’ என்பதும் ஒவ்வாது, ஏனெனில் பிழையென்று மறுப்பதற்காகச் சுட்டப்பட்ட கட்டுரைக்கும் சைட்டேஷன் கணக்கில் ஒன்று கூடவே செய்கிறது. ஆகவே புகழும் இகழும் ஏறாத ‘சுட்டுகை’யை முன்வைக்கிறேன்.

இம்பாக்ட் ஃபேக்டரில் சிக்கல் பெரிது. எந்தக் கட்டுரையை எவை சுட்டின என்று பட்டியலிடும் சுட்டுகை அட்டவணையில் எந்த இதழ்களைச் சேர்ப்பது என்று தேர்வதற்காக, 1960களில் யூஜின் கார்ஃபீல்டும் அவருடைய நிறுவனத்தாரும் உருவாக்கிய அளவு அது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு இவ்வாண்டில் கிடைத்த சுட்டுகைகளை, அதே இரண்டு ஆண்டுகளின் ஆய்வு, மீளாய்வுக் கட்டுரைகளின் தொகையால் வகுக்கிறார்கள். தலையங்கத்துக்கு வந்த சுட்டுகை வகுபடும் எண்ணில் சேரும், தலையங்கமோ வகுக்கும் எண்ணில் எண்ணப்படாது. எனவே அதைச் சராசரி என்றும் சொல்ல இயலாது. அதற்குத் ‘தாக்கம்’ என்று பெயர் சூட்டினால், தேர்வுக்குழுவில் இருப்பவர் இதழின் எண்ணை விண்ணப்பதாரரின் தகுதியாகவே படிப்பார். 2012இல் சான் பிரான்சிஸ்கோ கூட்டத்தில் உருப்பெற்ற, ஆய்வு மதிப்பீடு பற்றிய டோரா (DORA) சாற்றுரை தவிர்க்கச் சொன்னதும் இதைத்தான். ‘இதழ்ச் சுட்டுகை விகிதம்’ என்றால் எண் யாருக்குரியது என்பது பெயரிலேயே நிற்கும். சற்று நீளம்தான், பாதகமில்லை.

ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளையும் அவற்றின் சுட்டுகைகளையும் சேர்த்து அளக்கும் எச்-இண்டெக்ஸுக்கு இலங்கை வழக்கான ‘சுட்டெண்’ எனக்குப் பிடித்ததே, ஆனால் சுட்டுகைக்குப் பக்கத்தில் வரும்போது சுட்டுகைகளின் எண்ணிக்கை என்று மயங்க வைக்கும். ‘எச்-குறியீட்டெண்’ என்றே கொள்ளலாம். விளக்கக் குறிப்பின் வரைவு இது:

“குறைந்தது 12 சுட்டுகைகள் வீதம் பெற்ற கட்டுரைகள் 12 இருந்து, 13க்கு அந்நிலை எட்டப்படாவிட்டால், எச்-குறியீட்டெண் 12. இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 2005இல் முன்மொழிந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கூடுமேயன்றிக் குறையாது என்பதால் இளம் ஆய்வாளரை மூத்தவரோடும், துறைதோறும் சுட்டும் வழக்கம் வேறுபடுவதால் கணிதரை உயிரியலாளரோடும் இதைக்கொண்டு ஒப்பிடலாகாது. சுட்டுகைகளை எண்ணித் தரும் தளங்களான கூகுள் ஸ்காலரும் ஸ்கோப்பஸும் வெவ்வேறு எண் தருவதால், எடுத்த தளத்தையும் நாளையும் உடன் குறிப்பிடுக.”