குன்னூர் பழைய பங்களாவுக்கு விறகு இன்சர்ட் லைனர்: 5 இன்ச்சா, 6 இன்ச்சா?

வெள்ளைக்காரன் காலத்துக் கல் கட்டடம், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர். ஹாலில் உள்ள திறந்த ஃபயர்பிளேஸ் புகையை வீட்டுக்குள்ளேயே தள்ளுகிறது. வாய் 36 x 30 இன்ச், சிம்னியின் உள்வழி 9 x 9 தான். கணக்குப் போட்டால் வாய் பரப்பில் 13 மடங்கு பெரிது, 10 மடங்குக்குமேல் போனாலே புகை திரும்பக்கூடும். ஆகவே கதவு வைத்த இரும்பு இன்சர்ட் (ஃபயர்பிளேஸுக்குள் செருகும் விறகு அடுப்பு) போடுவதாக முடிவு.

சிம்னியைச் சுத்தம் செய்தாயிற்று. விறகுத் தட்டை இரண்டு செங்கல் உயர்த்தினோம், பலன் இல்லை. ஜன்னலை ஒரு இன்ச் திறந்தால் புகை குறைகிறது, குளிர் வந்துவிடுகிறது. உள்ளே சுண்ணாம்புப் பூச்சு விரலால் தொட்டாலே உதிர்கிறது, அதனால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லைனர் (சிம்னிக்குள் இறக்கும் புகைக்குழாய்) கட்டாயம்.

சிக்கல் இங்கேதான். சிம்னி 22 அடி, நடுவில் ஒரு வளைவு. தகர வளையத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினோம்: 8 இன்ச் வளைவில் மாட்டிக்கொண்டது, 7 இன்ச் இறங்கியது. 6 இன்ச் லைனருக்கு ஒரு இன்ச் காப்புப் போர்வை சுற்றினால் இருபுறமும் சேர்த்து 8 ஆகிவிடும், இறங்காது; 5 இன்ச் என்றால் 7 தான். சுற்றாமல் விட்டால், சிம்னி வெளிச்சுவரில் இருப்பதால் புகை குளிர்ந்து தார் படியும், பிறகு அது தீப்பிடிக்கும்.

அறை 14 x 16 அடி, கூரை 11 அடி. 5 கிலோவாட் வெப்பம் தரும் இன்சர்ட் போதும். விறகு சீகை (வாட்டில் மரம்), ஒரு வருடம் காய்ந்தது.

மலையில் 5 இன்ச் லைனரோடு இன்சர்ட் பொருத்தியவர்களே, இந்த உயரத்தில் 22 அடிக்குப் புகை சரியாக இழுக்கிறதா?